தசமபாகம்

ஃபஹாஹீல் கிளினிக்கின் பின்னறையில்
பதினொரு வருடமாக நான் ரத்தம் பார்க்கிறவள்.
மஞ்சள் மூடி, ஊதா மூடி, எண், பெயர், வயது.
டெஸ்டோஸ்டிரோன் என்று சீட்டு கொண்டுவருபவர்கள்
எல்லாரும் ஆண்கள்:
ஜிம் பையை இறக்கிவைக்காத பையன்,
இரண்டாம் கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்,
“ஏதோ விட்டமினாம்” என்று
சீட்டைத் தலைகீழாக நீட்டும் லாரி டிரைவர்.
அந்தச் சொல்லுக்கே மீசை உண்டு
என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வியாழன் ஜோசி கிளம்பிய பிறகு
இடக்கையை நானே இறுக்கிக் கட்டி
வலக்கையால் எடுத்தேன்.
லேபிள்: ஜெபமலர். பெண். நாற்பத்து நான்கு.
மெஷின் முனகி முனகி
எண்ணைச் சொல்லாமல்
“இதற்கும் கீழே” என்றொரு குறியைப் போட்டது.

மூன்று வருடத்துக்கு முன்
கருப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்கள்.
மற்றவர்கள் படிப்படியாய் இறங்குகிற மாடி.
எனக்கு லிஃப்ட் கயிறு அறுந்தது.
கண் விழித்தபோது தரைத்தளம்.

ஈஸ்ட்ரோஜன் ஒட்டு வந்தது,
அடிவயிற்றில், வாரத்துக்கு இரண்டு.
வெளியே ஒரு ஜூலை, தோலுக்குள்ளே ஒரு ஜூலை
என்றிருந்ததில்
உள்ளே இருந்தது ஓய்ந்தது.
தூக்கம் திரும்பியது. விரல் மூட்டுகள்கூட மன்னித்தன.
திரும்பாதது ஒன்று.
சபையில் அதற்கு ஜெபக்குறிப்பு எழுத முடியாது.

எட்வின் ரிஃபைனரியிலிருந்து வந்து குளித்து
ஈரத்தலையோடு பக்கத்தில் சாயும்போது
அரிசி ஊறவைத்தேனா என்று யோசிக்கிறேன்.
வெறுப்பில்லை. வெறுப்பென்றால்
அங்கே ஏதோ இருக்கிறதென்றாகும்.
அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.
நல்ல மனுஷன்.
அந்த நல்லதனம்தான்
ராத்திரியில் உறுத்துகிறது.

டாக்டர் நெர்மின் என் ரிசல்ட்டைத் தள்ளிவைத்தார்.
“இந்த எண்ணுக்கு நான் மருந்து எழுதுவதில்லை.
உனக்கு இது துக்கமா? அதைச் சொல்.”
பதினொரு வருடம் எண்ணோடு பிழைத்தவளிடம்!
முகத்தைத் துடைத்துக்கொண்டு
ஆமாம் என்றேன்.
காகிதத்தைத் திருப்பி இரண்டு பாதாம் வரைந்தார்.
“இதையும் இவைதான் செய்துகொண்டிருந்தன,
ஈஸ்ட்ரோஜனைவிட நிறையவே.”

அப்படியானால் யாரிடமும் கடன் கேட்கவில்லை நான்.
என் பழைய வரவு இது.

ஆனாலும் கேட்டேன்: தாடை மயிர்? குரல்?
வெள்ளி ஆராதனையில் நான் ஆல்டோ பாடுகிறவள்,
இன்னும் இறங்கினால் எங்கே நிற்பேன்?
“அளவு மீறினால் வரும். அதற்குத்தான் ரத்தம் பார்ப்பது.
ஆறு மாதம். பலனில்லையென்றால் நிறுத்திவிடலாம்.”
பெண்களுக்கென்று அளந்த பொட்டலம் இங்கே இல்லை.
ஆண்களுடையதில்
ஒரு நாளைக்குப் பத்தில் ஒன்று.

நான் சிரித்தது அவருக்குப் புரியவில்லை.
மாதாமாதம் சம்பளத்தில் பத்தில் ஒன்றை
ஃபில்ஸ் பிசகாமல் கவரில் போடுகிறவள் நான்.
இப்போது எனக்கொரு காணிக்கை.

மருந்துக்கடையில் சீட்டையும் என்னையும் பார்த்து
“ஹஸ்பண்டுக்கா?”
“எனக்கு.”
பின்னால் நின்றவர்
செல்போனுக்குள் குனிந்துகொண்டார்.

நான்கு நாள் அலமாரியில் கிடந்தது,
காணிக்கைக் கவரின் மேல், பிரிக்காமல்.
நான்கு நாளும் தூசிக்காற்று.
ஐந்தாம் நாள் நகக்கத்தரியால் மூலையை வெட்டினேன்.
அதிகம் வந்துவிட்டது. வழித்துத் திரும்பத் திணித்து
துணிக் கிளிப் மாட்டினேன்.
கெண்டைக்காலில் மிளகளவு.
சில்லென்றிருந்தது, அவ்வளவுதான்.
அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை,
தூரத்தில் ரிஃபைனரித் தீ
வழக்கம்போல் எரிந்தது.

எட்வின் வாசலில் ஷூவைக் கழற்றியபடி
“முழங்கால் வலியா?” என்றார்.
“இல்லை.
குளிச்சிட்டு வாங்க.
லைட்ட அணைக்காதீங்க, சொல்றேன்.”